கேட்கும் கணினியும் கேட்காத கணினியும்



எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பங்கு மடலைத் தட்டச்சு செய்வது, திருப்பலிக் கருத்துகளைப் பட்டியலிடுவது, திருமண ஓலைகளைத் தயாரிப்பது எல்லாம் பல ஆண்டுகளாக அவருடைய பணி. அண்மையில் வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் அவருக்கு ஒரு மேக் கணினி வாங்கிக் கொடுத்தார். பழைய விண்டோஸ் கணினியில் அவர் ஒரு சிறு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார். இரண்டு எழுத்தைத் தட்டினால் அது ஒரு முழுச் சொற்றொடராக விரித்துக் கொடுக்கும். அதே மாதிரி ஒன்றைப் புதிய கணினியிலும் நிறுவினார். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது. "நீங்கள் எந்தச் செயலியில் தட்டும் விசைகளையும் பெற இந்தச் செயலி விரும்புகிறது. அனுமதிக்கலாமா?" என்ற பொருளில் அது இருந்தது.

ஆசிரியர் பயந்துபோய் மறுத்துவிட்டார். மென்பொருள் வேலை செய்யவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பத்து வருஷமா அந்தப் பழைய கம்ப்யூட்டர் என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது வந்த அன்னைக்கே கேட்குது. அப்போ இதுதானே ஆபத்தானது?"

நல்ல கேள்வி. நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. கேள்வி கேட்டால் ஆபத்து, கேட்காவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. பழைய கணினி கேட்காததற்குக் காரணம், அங்கே அனுமதி என்ற ஏற்பாடே இல்லாததுதான். கதவு இருந்தால்தானே தட்டுவார்கள்? கதவே இல்லாத வீட்டில் யார் வந்தாலும் சத்தம் கேட்காது.

விசையிலிருந்து திரை வரை

நாம் ஒரு விசையை அழுத்தும்போது நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. இந்த விசை அழுத்தப்பட்டது, இந்த விசை விடப்பட்டது என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதை முதலில் பெற்றுக்கொள்வது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளம். திரையில் எந்தச் சாளரம் இப்போது முன்னால் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் செயலியிடம் அதை ஒப்படைக்கிறது. கடிதம் எழுதும் செயலி முன்னால் இருந்தால் கடிதத்தில் எழுத்து விழும். வங்கியின் பக்கம் முன்னால் இருந்தால் கடவுச்சொல் கட்டத்தில் புள்ளி விழும்.

இதை அஞ்சல் நிலையத்தோடு ஒப்பிடலாம். கடிதம் ஒருவருடைய பெயருக்கு வருகிறது. தபால்காரர் அதை அவரிடம் மட்டும் கொடுக்கிறாரா, அல்லது வழியில் இருக்கும் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாமா? உறையிட்ட கடிதம் ஒரு வகை, தபால் அட்டை இன்னொரு வகை. நாம் தட்டும் விசை உறையில் போகிறதா, அட்டையில் போகிறதா என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது.

மூன்று வீடுகள், மூன்று வழக்கங்கள்

முதலில் விண்டோஸ். நீங்கள் திறந்து இயக்கும் எந்தச் சாதாரண மென்பொருளும், "எல்லா விசைகளையும் எனக்கும் ஒருமுறை காட்டு" என்று விண்டோஸிடம் கேட்டுப் பெற முடியும். இந்த வசதி கெட்ட நோக்கத்தில் வைக்கப்பட்டதல்ல. குறுக்கு விசைகள், ஒலியைக் கூட்டும் விசை, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள், நமது தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எனப் பல நல்ல பயன்பாடுகள் இதனால் நடக்கின்றன. ஆனால் இதற்காகப் பயனாளரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. 2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்து ஒரு தடுப்பு உண்டு. சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள், நிர்வாகி உரிமையில் ஓடும் மென்பொருளின் விசைகளைக் கேட்க முடியாது. ஆனால் நமது மின்னஞ்சல், வங்கிப் பக்கம், கடிதம் எல்லாம் சாதாரண உரிமையில்தான் ஓடுகின்றன. ஆகவே இந்தத் தடுப்பு நமக்குப் பெரிதாக உதவாது.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்திக்கொள்வோம். புதிய மென்பொருளை நிறுவும்போது திரை மங்கி, "இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். இது கணினியின் அமைப்புகளை மாற்றுவது பற்றிய கேள்வி. விசைப்பலகையைப் பற்றியது அல்ல. இதற்கு "இல்லை" என்று சொன்னாலும், நிறுவாமலே ஓடும் ஒரு சிறு மென்பொருள் விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்க முடியும். விண்டோஸின் தனியுரிமைப் பக்கத்தில் கேமராவுக்கும் மைக்குக்கும் பொத்தான்கள் இருக்கின்றன. எந்தெந்த மென்பொருள் விசைப்பலகையைக் கேட்கிறது என்று காட்டும் பட்டியல் அங்கே இல்லை.

அடுத்தது லினக்ஸ். அதன் திரையைப் பல ஆண்டுகள் இயக்கி வந்தது எக்ஸ் என்னும் அமைப்பு. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. ஒரே திரையில் ஓடும் மென்பொருள்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் அது அமைக்கப்பட்டது. எனவே அங்கேயும் ஒரு மென்பொருள் மற்றொன்றின் விசைகளைத் தடையின்றிப் பார்க்கலாம். 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்னும் புதிய அமைப்பு இதை மாற்றியது. அதில் முன்னால் இருக்கும் சாளரத்துக்கு மட்டுமே விசை போகும். இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் வேலண்டே இயல்பாக இருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பின்னணியில் இருந்தபடி குறுக்கு விசைக்காகக் காத்திருந்த பல மென்பொருள்கள் அதில் வேலை செய்யாமல் போயின. அவற்றுக்காக, பயனாளரிடம் கேட்டு அனுமதி பெறும் தனி வழி பின்னர் ஏற்படுத்தப்பட்டது. பழைய எக்ஸ் முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் வேலண்டுக்குள் ஓடும்போது தங்களுக்குள் ஒன்றையொன்று இன்னும் பார்க்க முடியும் என்பதையும் நினைவில் வைப்போம்.

மூன்றாவது மேக். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, பிற செயலிகளில் தட்டப்படும் விசைகளைக் கேட்க விரும்பும் மென்பொருள் பயனாளரின் அனுமதியைப் பெற வேண்டும். நமது ஆசிரியர் பார்த்த கேள்வி இதுதான். அனுமதி கொடுத்த பிறகும் ஒரு காவல் இருக்கிறது. கடவுச்சொல் கட்டத்தில் தட்டும்போது மற்ற மென்பொருள்களுக்கு விசைகள் போகாதபடி மேக் மறைத்துவிடும். ஆனால் கடவுச்சொல் அல்லாத எல்லாமே, அதாவது நாம் எழுதும் கடிதங்களும் தேடும் சொற்களும், அனுமதி பெற்ற மென்பொருளுக்குத் தெரியும்.

நடந்த நிகழ்ச்சிகள்

இதெல்லாம் வெறும் கற்பனைப் பயமா? இல்லை. தட்டெழுத்தை ஒட்டுக்கேட்பது கணினியோடு மட்டும் வந்த பழக்கம் அல்ல. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐ.பி.எம். மின் தட்டச்சு இயந்திரங்களில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது 1984இல் கண்டுபிடிக்கப்பட்டது. லெனின்கிராட் துணைத் தூதரகத்தையும் சேர்த்து மொத்தம் 16 இயந்திரங்கள். எழுத்துத் தலையை நகர்த்தும் பாகங்களின் அசைவை உணர்ந்து, எந்த எழுத்து அச்சாகிறது என்று அறிந்து, வானொலி அலையாக வெளியே அனுப்பின அந்தக் கருவிகள்.

அது உளவாளிகளின் கதை. நமக்கு நெருக்கமான கதை 2017 மே மாதம் வெளிவந்தது. எச்.பி. நிறுவனத்தின் பல மடிக்கணினிகளில், ஒலிக்கருவியை இயக்குவதற்காகக் கோனெக்ஸன்ட் நிறுவனம் எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. மைக்கை நிறுத்தும் விசையை யாராவது அழுத்துகிறார்களா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஒரு விசைக்காகக் காத்திருக்க, அது எல்லா விசைகளையும் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், அத்தனையையும் யாரும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுதியும் வைத்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் மோட்ஜீரோ என்ற சுவிட்சர்லாந்து பாதுகாப்பு நிறுவனத்தினர். சோதனைக்காக எழுதிய பகுதியை நீக்காமல் விட்டதே காரணம் என்று தெரிந்தது. பின்னர் திருத்தம் வெளியிடப்பட்டது.

அங்கே திருடன் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தீய எண்ணமும் இல்லை. தேவைக்கு மேல் கேட்கும் உரிமையும், கொஞ்சம் கவனக்குறைவும் சேர்ந்தன. அவ்வளவுதான். ஒருவருடைய கடவுச்சொல் கோப்பில் போய் உட்கார இது போதுமானதாக இருந்தது.

தமிழில் தட்டச்சு செய்யும் நமக்கு

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு நிலை நமக்கு உண்டு. நாம் தமிழில் எழுத, விசைக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மென்பொருள் இருந்தாக வேண்டும். 'க்' விசையும் 'அ' விசையும் தட்டினால் 'க' என்று மாற்றித் தருவது அதன் வேலை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழ்99 விசைப்பலகை முறை வந்தது. பின்னர் அழகி, எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் வீடு வீடாகத் தமிழைக் கொண்டு சேர்த்தன. பலர் பணம் எதிர்பார்க்காமல் இந்தச் சேவையைச் செய்தார்கள் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் எழுத்தை மாற்றித் தரும் எந்த மென்பொருளும் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல் மாற்ற முடியாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இது விசையைப் பார்க்கிறதா?" என்பதல்ல. "பார்த்ததை எங்கே வைக்கிறது? வெளியே அனுப்புகிறதா?" என்பதே. இணையத்தின் உதவியே இல்லாமல் கணினிக்குள்ளேயே மாற்றித் தரும் மென்பொருள் ஒரு வகை. ஒவ்வொரு சொல்லையும் தொலைவில் உள்ள வழங்கிக்கு அனுப்பிப் பரிந்துரை பெற்று வரும் மென்பொருள் இன்னொரு வகை.

இரண்டாவது வகையில் என்ன நேரலாம் என்பதற்குச் சீன மொழி உதாரணம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சீன எழுத்துகளைத் தட்டச்சு செய்ய உதவும் 9 நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து 2024 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். 8 நிறுவனங்களின் மென்பொருள்களில் குறைபாடு இருந்தது. தட்டிய விசைகள் வழங்கிக்குப் போகும் வழியில், மற்றவர்கள் அவற்றைப் படித்துவிட முடிந்தது. 100 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். சுட்டிக்காட்டிய பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் திருத்திக்கொண்டன.

கைப்பேசியிலும் இதே கதைதான். 2017 டிசம்பரில் ஏ.ஐ.டைப் என்ற விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. சுமார் 3 கோடியே 10 லட்சம் பயனாளர்களின் விவரங்கள் அதில் இருந்தன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புதிய விசைப்பலகையைச் சேர்க்கும்போது, கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட நீங்கள் தட்டும் எதையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். நம்மில் எத்தனை பேர் அதை நின்று வாசித்திருக்கிறோம்?

நாம் என்ன செய்யலாம்?

பயந்து கணினியை மூடிவைக்கத் தேவையில்லை. சில எளிய பழக்கங்கள் போதும்.

முதலாவது, தேவையைப் பாருங்கள். ஒரு மென்பொருள் அனுமதி கேட்டால், அது செய்யும் வேலைக்கு அந்த அனுமதி உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். சுருக்கெழுத்தை விரிக்கும் மென்பொருள் விசைப்பலகையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாள்காட்டியோ படம் திருத்தும் மென்பொருளோ கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, இயங்குதளத்தோடு வருவதை முதலில் பயன்படுத்துங்கள். இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் விசைப்பலகைகள் உடன் வருகின்றன. தமிழ்99 முறையும் இரண்டிலும் உண்டு. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது, நாம் நம்ப வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகும்.

மூன்றாவது, கொடுத்த அனுமதிகளைத் திரும்பிப் பாருங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் இன்புட் மானிட்டரிங், ஆக்சசிபிலிட்டி என்ற இரண்டு பட்டியல்களும் இருக்கும். அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் நிறுத்திவிடுங்கள். விண்டோஸில் இப்படிப் பட்டியல் இல்லாததால், பயன்படுத்தாத மென்பொருள்களை நீக்கிவிடுவதே வழி. உலாவியில் சேர்த்த இணைப்பு மென்பொருள்களையும் மறக்காதீர்கள். "எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி பெற்ற ஒன்று, அந்தப் பக்கங்களில் நீங்கள் தட்டுவதையும் படிக்க முடியும்.

நான்காவது, 'கிராக்' செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம். பணம் கொடுக்க வேண்டிய மென்பொருளை யாரோ உடைத்து இலவசமாகத் தருகிறார் என்றால், உடைத்தவர் அதற்குள் வேறு எதை வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. விசைகளைத் திருடும் மென்பொருள் பரவும் முக்கிய வழிகளில் இது ஒன்று.

ஐந்தாவது, பொதுக் கணினிகளில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். பிரவுசிங் சென்டரிலோ நகலகத்திலோ உள்ள கணினியில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. விசைப்பலகையின் வயருக்கும் கணினிக்கும் நடுவே விரல் அளவு கருவி ஒன்றைச் செருகி, தட்டுவதையெல்லாம் பதிவு செய்யவும் முடியும். அதை எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளும் காட்டித்தராது. திரையில் தோன்றும் விசைப்பலகையைச் சுட்டியால் அழுத்துவது கொஞ்சம் உதவும். ஆனால் திரையையே படம் பிடிக்கும் மென்பொருளிடம் அதுவும் தோற்றுப்போகும்.

ஆறாவது, கடவுச்சொல் திருடு போனாலும் கணக்கு திருடு போகாதபடி இரண்டாவது பூட்டு போடுங்கள். கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண் அல்லது பாஸ்கீ முறை இருந்தால், தட்டிய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைவது கடினம். அந்த ஒருமுறை எண்ணை மட்டும் தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

வீட்டுக்குள்ளே ஒட்டுக்கேட்கலாமா?

பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. "பிள்ளை என்ன தட்டுகிறான் என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிடலாமா?" அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். அத்தகைய மென்பொருள்கள் பல, பதிவு செய்வதை விற்பவரின் வழங்கிக்கு அனுப்புகின்றன. கண்காணிப்பு மென்பொருள் விற்ற நிறுவனங்களிலிருந்தே தரவுகள் பலமுறை கசிந்திருக்கின்றன. பிள்ளையைக் காப்பாற்றப் போட்டது, பிள்ளையின் அந்தரங்கத்தை அந்நியர் கையில் கொடுத்துவிடலாம். இரண்டாவது, இது தெரியவரும் நாளில் பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடும். கணினியைக் கூடத்தில் வைப்பது, நேரத்தை வரையறுப்பது, சேர்ந்து உட்கார்ந்து பேசுவது ஆகியவை ஒளிவுமறைவற்ற வழிகள்.

பெரியவர்கள் விஷயத்தில் சட்டமும் குறுக்கே வரும். பிறருடைய கணினியில் அவருடைய அனுமதியின்றி மென்பொருளைப் புகுத்தித் தகவல் எடுப்பது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி தவறு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கணவன், மனைவி, உடன் வேலை செய்பவர் என்பதற்காக அனுமதி தானாக வந்துவிடாது.

பிறர் நம்மை நம்பிக் கொடுத்தவை

ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் விளக்கியபோது, அவர் வங்கிக் கணக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. "என் கணக்குல பெருசா என்ன இருக்கு? ஆனா இந்தக் கம்ப்யூட்டர்ல நான் அடிக்கிறது என் விஷயம் மட்டுமா?" என்றார். உண்மைதான். எந்தக் குடும்பத்தில் யாருக்கு நோய், எந்தப் பெண்ணின் திருமணம் எதனால் தள்ளிப்போகிறது, யார் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் அவர் விரல் வழியாகப் போகின்றன. நம்பிச் சொன்னவர்கள் பங்கு அலுவலகத்திடம் சொன்னார்கள். முகம் தெரியாத ஒரு மென்பொருளிடம் அவர்கள் சொல்லவில்லை.

கடைசியில் அவருக்கு அந்த மென்பொருளே தேவைப்படவில்லை. மேக்கின் விசைப்பலகை அமைப்பில், சுருக்கெழுத்தை விரிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய சுருக்கங்களையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தேன். யாருக்கும் புதிதாக எந்த அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தின் பழைய விண்டோஸ் கணினியையும் அன்றே திறந்து பார்த்தோம். யார் எப்போது போட்டார்கள் என்று தெரியாத 14 மென்பொருள்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்க மதியம் வரை ஆயிற்று.

அடுத்த முறை உங்கள் திரையில் ஒரு கேள்வி வந்தால், எரிச்சலோடு "சரி" என்று அழுத்தாதீர்கள். பயந்து விலகவும் வேண்டாம். உங்களிடம் கேட்க வேண்டும் என்று அந்தக் கணினி நினைத்திருக்கிறது. ஒரு நிமிடம் நின்று வாசித்துப் பதில் சொல்லுங்கள். எதுவுமே கேட்காத கணினி உங்களிடம் இருந்தால், அந்தக் கேள்வியை இன்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.